சினை ஆட்டின் நீண்ட மயக்கம்

கருப்பைக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடுமா? விடாது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. சுற்றிலும் பனிக்குட நீர், காற்றுக்கு இடமே இல்லை, வேண்டிய ஆக்சிஜனைத் தொப்புள்கொடி கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. பிறகு மூச்சு எதற்கு? ஜெர்மனியின் மகப்பேறு மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் ஆல்ஃபெல்ட் 1888-லேயே கர்ப்பிணிகளின் வயிற்றுச் சுவரில் சீரான சிறு அசைவுகளைக் கவனித்து, அவை குழந்தையின் மூச்சசைவுகளே என்று எழுதினார். அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சினை ஆடுகளை மயக்கத்தில் ஆழ்த்தி வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர்களுக்கும், முதிர்ந்த குட்டியின் மார்பு பெரும்பாலும் அசையாமல் கிடப்பதுதான் தெரிந்தது.

1970-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்டு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி டாவ்ஸும் அவரது குழுவினரும் இதை வேறு வழியில் அணுகினார்கள். செம்மறி ஆட்டை மயக்கத்தில் வைத்து அறுவை செய்து, கருவில் இருக்கும் குட்டியின் மூச்சுக்குழாயிலும் ரத்தக்குழாய்களிலும் மெல்லிய குழாய்களைப் பொருத்தினார்கள். பிறகு வயிற்றைத் தைத்து மூடி, ஆட்டை எழுப்பிவிட்டார்கள். சில நாட்கள் கழித்து, ஆடு தன் கொட்டிலில் நின்று வைக்கோலைத் தின்றுகொண்டிருந்த வேளையில் அளவிட்டபோது, வயிற்றுக்குள் இருந்த குட்டி மூச்சசைவுகளைச் செய்துகொண்டிருந்தது. எப்போதாவது ஒருமுறை வந்துபோகிற அசைவும் அல்ல அது. மொத்த நேரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. கண்கள் இமைக்குள் வேகமாக உருளும் உறக்க நிலையில்தான் அது மிகுதியாக நடந்தது. அத்தனை காலமும் அந்த அசைவை அடக்கி வைத்திருந்தது மயக்க மருந்து.

இன்று நம் ஊர் ஸ்கேன் மையங்களில் நிறைமாத கர்ப்பிணிக்கு 'பயோஃபிசிக்கல் ப்ரொஃபைல்' என்ற சோதனை செய்கிறார்களே, அதில் பார்க்கப்படும் ஐந்து விஷயங்களில் ஒன்று குழந்தையின் மூச்சசைவு. 30 நிமிடத்துக்குள் குறைந்தது 30 விநாடி தொடர்ச்சியாக அது தெரிய வேண்டும். அந்தச் சோதனைக்கு வழி திறந்தவற்றில் ஒன்று, விழித்துக்கொண்ட அந்த ஆடுகள்.

வயிற்றைத் திறந்து செய்யும் எந்த ஆய்வையும் மயக்க மருந்து இல்லாமல் ஒரு விலங்கிடம் செய்யக்கூடாது; அது கொடுமை. அதே மயக்க மருந்து, நாம் எதைப் பார்க்க வந்தோமோ அதையே மாற்றியும் விடுகிறது. சினையாக இருக்கும் ஆட்டையோ பன்றியையோ மணிக்கணக்கில் மயக்கத்தில் வைத்து ஆராய்பவர்கள் ஒவ்வொரு நாளும் இந்த இக்கட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இங்கே மயக்கம் கொடுப்பது ஆய்வுக்கு முந்தைய சடங்கு போல ஒதுக்கிவிடக்கூடிய வேலை இல்லை. ஆய்வின் சரிபாதி அதுதான் என்பது என் எண்ணம்.

ஆட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். பெரும்பாலும் ஒரு குட்டி, அல்லது இரண்டு. முதிர்ந்த குட்டியின் எடை மனிதக் குழந்தையின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே மனிதக் குழந்தைக்குப் பயன்படும் அதே அளவுக் குழாய்களும் கருவிகளும் பொருந்துகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டின் கருப்பை கத்தி பட்டாலும் பொறுத்துக்கொள்கிறது. மனிதப் பெண்ணின் கருப்பையைத் திறந்தால் பிரசவ வலி முன்கூட்டியே தொடங்கிவிடும் அபாயம் அதிகம். ஆட்டிடம் அது குறைவு; குட்டியை வெளியே எடுத்து, சரிசெய்து, திரும்ப உள்ளே வைத்துத் தைத்தாலும் சினை தொடர்கிறது.

இந்தப் பொறுமையால் மனிதர்கள் அடைந்த நன்மை கொஞ்சமல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவர் மான்ட் லிகின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று அறிவதற்காகக் கருவில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திக்கொண்டிருந்தார். மிகவும் குறைமாதத்தில் பிறந்து, உடனே செத்துப்போக வேண்டிய ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. பிறகு ஆராய்ந்தபோது அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. 1969-ல் இதை வெளியிட்டார். ராஸ் ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1972-ல் வந்தது. பிறந்த முதல் சில நாட்களில் நேரும் இறப்பு, ஸ்டீராய்டுச் சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகளில் 15 விழுக்காடாக இருந்தது, பெற்றவர்களிடம் 3.2 விழுக்காடு. ஏழாம் மாதத்தில் வலி எடுத்த பெண்ணுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் 12 மணிநேர இடைவெளியில் நான்கு முறை போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசியின் பூர்வகதை இதுதான். முதுகெலும்பு மூடாத குழந்தைக்குக் கருவிலேயே செய்யும் அறுவையும், சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் 1981-ல் செய்த முதல் திறந்த கரு அறுவையும் ஆட்டிடம் பழகிய பிறகே மனிதரிடம் வந்தன. 2017-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் நீர் நிறைந்த பைக்குள் நான்கு வாரம் வரை வளர்ந்த குறைமாதக் குட்டிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றையும் முதலில் ஒரு மயங்கிய தாயின் வயிற்றிலிருந்துதான் எடுத்தார்கள்.

அப்படியோர் அறுவை மேசையின் அருகே சற்று நின்று பார்ப்போம்.

வேலை முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. தீனியை நிறுத்த வேண்டும். ஆனால் ஆடு மனிதரைப் போல வெறும் வயிறு ஆகவே ஆகாது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் பல லிட்டர் தீனியும் நீரும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் எப்போதும் நொதித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பட்டினி போட்டாலும் அது காலியாகாது. பொருமல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கூடுதலாகப் பட்டினி போடலாமா என்றால், சினை ஆட்டுக்கு அது ஆபத்து. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு, தீனி நின்றவுடன் தன் கொழுப்பைக் கரைத்துச் சர்க்கரைப் பற்றாக்குறையை ஈடுகட்டப் பார்க்கும். ரத்தத்தில் கீட்டோன்கள் ஏறும். சினைக்கால நச்சு என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் நிலைக்குப் போய் ஆடே படுத்துவிடலாம். ஆக, வயிறும் குறைய வேண்டும், ஆடும் வாட்டம் காணக்கூடாது. இந்த அளவைப் பிடிப்பதே ஒரு கைப்பழக்கம்.

அன்று காலையில் அந்த ஆட்டைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோகக்கூடாது. மந்தையில் வாழும் விலங்கு, தனிமைப்பட்டால் மிரளும். மிரண்டால் அட்ரினலின் கூடும், அட்ரினலின் கூடினால் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், குட்டிக்கு ஆக்சிஜன் குறையும். மருந்தின் முதல் துளி ஏறுவதற்கு முன்பே ஆய்வின் அளவீடு கெட்டுவிடுகிறது. கடைசி நிமிடம் வரை இன்னோர் ஆட்டைக் கண்ணில் படும்படி நிறுத்திவைப்பது நல்ல கூடங்களின் வழக்கம். இரக்கமும் துல்லியமும் ஒரே செயலில் கூடிவரும் இடங்கள் இத்துறையில் பல உண்டு. அவற்றில் இது முதலாவது.

அடுத்து எந்த மருந்து என்ற கேள்வி. மாடுகளுக்கு நம் கால்நடை மருத்துவமனைகளில் சாதாரணமாகப் போடும் சைலசின் இங்கே நல்ல தேர்வு அல்ல. செம்மறியின் நுரையீரலில் அது நீர் கோக்கச் செய்யலாம், ரத்த ஆக்சிஜனைச் சட்டென்று கீழே இறக்கும், கருப்பைத் தசையையும் இறுக்கும். அதனால் பெரும்பாலும் கழுத்து ரத்தக்குழாயில் புரோபோஃபாலோ, கெட்டமினோடு டயசிபாமோ செலுத்தி மயக்கத்தைத் தொடங்குகிறார்கள்.

மயங்கிய அந்தச் சில விநாடிகள்தான் மிகவும் அபாயமானவை. உணவுக்குழாயின் பிடி தளரும். முதல் இரைப்பையில் இருக்கும் பச்சைக் கரைசல் தொண்டைக்கு ஏறிவரும். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஆடு பிழைப்பது கடினம். ஒருவர் ஆட்டை நெஞ்சின் மேல் படுத்த நிலையில், தலை உயர்ந்திருக்கும்படி பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குறுகிய நீண்ட வாய்க்குள் நீண்ட அலகுடைய விளக்குக் கருவியை நுழைத்து, குரல்வளையைக் கண்டு, சுவாசக் குழாயைச் செருகி, அதன் நுனியில் உள்ள காற்றுப்பையை உடனே ஊதிவிட வேண்டும். அதற்குப் பிறகு நிலைமை தலைகீழ். ஆட்டை மல்லாத்திக் கிடத்தியதும், கழுத்துக்குக் கீழே ஒரு திண்டு வைத்து, மூக்கு நுனி தொண்டையைவிடத் தாழ்ந்திருக்கும்படி செய்கிறார்கள். ஆட்டுக்கு உமிழ்நீர் ஒரு நாளில் ஆறு லிட்டருக்கும் மேல் சுரக்கும், மயக்கத்திலும் நிற்காது. அது வெளியே வடிய வழி வேண்டும். அட்ரோபின் கொடுத்து உமிழ்நீரை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் சுரப்பது நிற்பதில்லை, கெட்டியாகிறது, கெட்டியான எச்சில் குழாயை அடைக்கும்.

வயிற்றுக்குள் நொதித்தலும் நிற்பதில்லை. விழித்திருக்கும் ஆடு ஏப்பம் விட்டு வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மயங்கிய ஆட்டுக்கு ஏப்பம் கிடையாது. வாயு சேரச் சேர வயிறு உப்புசமாகி, உதரவிதானத்தை மேலே தள்ளும். ஏற்கெனவே கனத்த கருப்பை வேறு அழுத்திக்கொண்டிருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது இரண்டும் சேர்ந்து நுரையீரலின் கீழ்ப்பகுதிகளை நசுக்குகின்றன. அங்கே ரத்தம் போகிறது, காற்று போவதில்லை. இன்னொரு பக்கம் அந்தப் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருநாளத்தின் மேல் விழுந்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கிறது. அதனால்தான் வாய்வழியாக ஓர் அகலமான குழாயை வயிற்றுக்குள் இறக்கி வாயுவை வெளியே விடுகிறார்கள். உடலைச் சற்று ஒருபக்கம் சாய்த்து வைக்கிறார்கள். வென்டிலேட்டரில் மூச்சைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அரைமணி நேர அறுவையில் இவற்றில் சில தப்பினாலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நான்கு மணி, ஆறு மணி என்று நீளும்போது ஒவ்வொரு சிறு குறையும் வட்டி போட்டுப் பெருகும்.

வென்டிலேட்டரை எவ்வளவு வேகமாக ஓட்டுவது என்பதில்கூட ஒரு பாடம் இருக்கிறது. பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே மூச்சு கொடுப்போம் என்று நினைத்தால், தாயின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகவும் குறைந்துவிடும். அப்போது கருப்பைக்கான ரத்த ஓட்டமும் குறைகிறது என்று 1974-ல் சினை ஆடுகளிடம்தான் காட்டினார்கள். தாய்க்கு ஆக்சிஜன் தாராளம், குட்டிக்குப் பஞ்சம். எனவே வெளிமூச்சில் வரும் வாயுவை மட்டும் நம்பாமல், தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அவ்வப்போது அளந்து, மூச்சின் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மயக்கத்தின் ஆழம் அதைவிட நுட்பமான விஷயம். முகர மயக்கும் மருந்துகளின் வீரியத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது: தோலில் கத்தி வைத்தால் பாதிப் பேர் அசையாமல் இருக்க எவ்வளவு செறிவு வேண்டும் என்று பார்ப்பது. சினை ஆடுகளுக்கு இந்த அளவு குறைகிறது. ஹாலோதேனில் 25 விழுக்காடு, ஐசோஃப்ளுரேனில் 40 விழுக்காடு என்று 1974-ல் அளந்தார்கள். சினைக்காலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. கர்ப்பிணிக்கு மயக்க மருந்து குறைவாகவே தேவை என்று இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம் இந்த ஆடுகளிடமிருந்து வந்தது. கருவில் இருக்கும் குட்டிக்கோ இன்னும் குறைவு. தாய்க்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதியே போதும். அதாவது தாய் சரியாக மயங்கியிருக்கும்போது, குட்டி தன் தேவைக்கு மிஞ்சிய ஆழத்தில் கிடக்கக்கூடும்.

உடனே கிடந்துவிடாது, அதற்கு நேரம் பிடிக்கும். மருந்து தாயின் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து, குட்டியின் மூளையில் நிறைய வேண்டும். அவசரச் சிசேரியனில் முழு மயக்கம் கொடுத்தாலும் குழந்தை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுகிறது. மருந்து அதன் உடலில் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறது. மணிக்கணக்கில் நீளும் கரு அறுவையில் குட்டியும் தாயின் அளவை எட்டிவிடுகிறது. நீண்ட மயக்கத்தைக் குறுகிய மயக்கத்தின் பெருக்கலாக நினைக்க முடியாததற்கு இதுவே முதல் காரணம். தசைகளைத் தளர்த்தும் மருந்துகளின் கதை வேறு. அவற்றின் மூலக்கூறுகள் நஞ்சுக்கொடியை எளிதில் கடப்பதில்லை. குட்டி அசையாதிருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஊசி போட வேண்டும்.

கருப்பையின் ரத்தக்குழாய்களுக்கு ஒரு குணம் உண்டு. மூளைக்கு ரத்தம் குறையும்போது மூளையின் குழாய்கள் தாமாக விரிந்து ஓட்டத்தைச் சரிக்கட்டும். சினைக்கால முடிவில் கருப்பையின் குழாய்களோ ஏற்கெனவே முழுக்க விரிந்துதான் கிடக்கின்றன. மேலும் விரிய இடமில்லை. தாயின் ரத்த அழுத்தம் இறங்கினால் குட்டிக்குப் போகும் ரத்தம் அப்படியே இறங்கும். மிதமான மயக்கத்தில் பெரிய சேதம் இல்லை. மருந்தைக் கூட்டி ஆழப்படுத்தினால் தாயின் அழுத்தம் விழும். குட்டியின் ரத்தத்தில் அமிலம் ஏறும். அதன் இதயமும் சோர்ந்து போகும். கரு அறுவையில் கருப்பை தளர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக மருந்தின் செறிவைக் கூட்ட வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. ஒன்றுக்கு வேண்டியது இன்னொன்றுக்கு ஆகாது. இந்த நெருக்கடியைச் சமாளிக்கவே இன்று பல இடங்களில் முகரும் மருந்தைக் குறைத்து, ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் மருந்துகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மயக்கமும் அறுவையின் அதிர்ச்சியும் ஒரு பெரிய கருத்தையே கோணலாக்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். கேம்பிரிட்ஜின் ஜோசஃப் பார்க்ராஃப்ட் கருவின் உடலியலுக்கு அடித்தளம் போட்டவர். அதற்கு முன் அவர் உயர்மலைகளை ஆராய்ந்தவர். பெரு நாட்டின் செர்ரோ டெ பாஸ்கோ வரை போய் மெல்லிய காற்றில் மனித ரத்தத்தை அளந்தவர். 1930-களில் செம்மறிக் கருக்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, இவ்வளவு குறைந்த ஆக்சிஜனில் வாழ்வது எவரெஸ்ட் உச்சியில் வாழ்வதற்கு ஒப்பானது என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒப்பீடு பொய்யில்லை. 2007-ல் எவரெஸ்டின் 8,400 மீட்டர் உயரத்தில் மலையேறிகளிடமிருந்து எடுத்த தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் சராசரி 24.6 மி.மீ. பாதரசம், கருக்குட்டியிடம் காணும் அளவும் அதை ஒட்டியதுதான். ஆனால் நாள் நெருங்க நெருங்கக் கருவுக்கு மூச்சு முட்டிக்கொண்டே போகிறது என்ற முடிவும் அந்த அளவீடுகளிலிருந்து பிறந்தது. 1960-களில் அமெரிக்காவில் ஜாக்கோமோ மெஸ்கியாவும் ஃப்ரெட்ரிக் பட்டாலியாவும் குழாய்களைப் பொருத்திவிட்டு, ஆடு முழுக்கத் தேறும்வரை பொறுத்திருந்து அளந்தார்கள். கடைசி நாட்கள் வரை குட்டியின் ஆக்சிஜன் நிலையாகவே இருந்தது. மூச்சுமுட்டியது கரு தன் இயல்பில் இருந்தபோது அல்ல. மேசையில் திறந்து கிடந்தபோது.

ஆட்டிடம் கிடைத்த விடையை மனிதரிடம் நேராகக் கொண்டுபோய்ப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் இறங்குவது வழக்கம். அதை ஏற்ற எந்த மருந்து நல்லது? 1974-ல் சினை ஆடுகளிடம் நடத்திய ஒப்பீட்டில், எஃபெட்ரின் மட்டும் கருப்பையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்காமல் இருந்தது, மற்றவை குறைத்தன. அதை நம்பி உலகமெங்கும் பத்தாண்டுக் கணக்கில் எஃபெட்ரினையே கொடுத்தார்கள். பிறகு ஹாங்காங்கிலும் பிற இடங்களிலும் தாய்மார்களிடமே நேராக ஆராய்ந்தபோது விஷயம் திரும்பிவிட்டது. எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கிறது; குழந்தையின் உடல் வேகத்தை முடுக்கிவிடுகிறது; தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஃபினைல்எஃப்ரினே மேல் என்று தெரிந்தது. 2018-ல் பன்னாட்டு நிபுணர்களின் பரிந்துரையும் அப்படியே அமைந்தது. இதில் ஆட்டைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இயல்பான அழுத்தம் உள்ள ஆட்டில் அழுத்தத்தை மேலும் ஏற்றியபோது கிடைத்த விடையை, அழுத்தம் விழுந்துவிட்ட பெண்ணுக்குப் பொருத்தினோம். கேட்ட கேள்வி வேறு, விடையைப் பயன்படுத்திய இடம் வேறு.

இப்போது இத்துறையில் எல்லாரும் கவலையோடு பார்ப்பது மூளையை. 2003-ல் அமெரிக்காவில், பிறந்து ஏழு நாளான எலிக்குஞ்சுகளை ஆறு மணிநேரம் மயக்க மருந்துக் கலவையில் வைத்தபோது, வளரும் மூளையில் நரம்புச் செல்கள் பரவலாக அழிந்ததையும், பின்னாளில் அவை கற்பதில் பின்தங்கியதையும் கண்டார்கள். குரங்குகள் வரை இந்த ஆராய்ச்சி நீண்டது. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும் மூன்று மணிநேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ இந்த மருந்துகளைக் கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். மறுபுறம், கைக்குழந்தைகளுக்கு ஒரு மணிநேரத்துக்குக் குறைவாகக் கொடுத்த மயக்கத்தை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு, ஐந்து வயதில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறனில் வேறுபாடு காணவில்லை என்று 2019-ல் அறிவித்தது. இடையில் இருக்கும் பெரிய வெளியைத்தான் சினை ஆடுகளை வைத்து நிரப்பப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் முன்பு சொன்னவை எல்லாம் வந்து கூடுகின்றன. ஒரு குட்டியின் மூளையில் சேதம் தெரிந்தால், அது மருந்தின் நேரடி விளைவா, தாயின் ரத்த அழுத்தம் இரண்டு மணிநேரம் தாழ்ந்து கிடந்ததாலா, வென்டிலேட்டர் அதிகமாக ஓடியதாலா, பட்டினியில் சர்க்கரை குறைந்ததாலா, உடல் குளிர்ந்ததாலா? ரத்த அழுத்தமும் வாயுக்களும் சர்க்கரையும் வெப்பமும் முழு நேரமும் சீராக இருந்தன என்று காட்ட முடிந்தால்தான் பழியை மருந்தின் மேல் போட முடியும். தாய்க்கு நல்ல மயக்கம் கொடுக்கத் தெரியாத கூடத்திலிருந்து வரும் மூளை ஆய்வை நான் நம்பத் தயாரில்லை. காலக்கணக்கும் சிக்கலானது. 147 நாள் சினைக்கும் 280 நாள் கர்ப்பத்துக்கும் நேர் விகிதம் போட முடியாது. ஆட்டுக்குட்டி பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நின்று மடியைத் தேடுகிறது. அதன் மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி கருவிலேயே முடிந்துவிடுகிறது. ஆட்டின் மூன்று மணியை மனிதரின் மூன்று மணி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மயக்கம் தெளிந்த பிறகும் பொறுப்பு தீர்வதில்லை. நெஞ்சின் மேல் படுக்க வைத்து, ஆடு தானாக விழுங்கத் தொடங்கிய பிறகே சுவாசக் குழாயை உருவ வேண்டும். வலி மருந்து கட்டாயம் வேண்டும், அதிலும் சிக்கல். சாதாரண வலி நிவாரணிகளில் பல, கருவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடலாம். அதனால் மார்ஃபின் வகை மருந்துகளையும் மரத்துப்போகச் செய்யும் ஊசிகளையும் சார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. ஆடு வலியைக் காட்டிக்கொள்ளாது. கொன்று தின்னும் விலங்குகளிடையே வாழ்ந்த இனம். மந்தையில் சோர்ந்து தெரிந்தால் ஆபத்து. ஆகவே கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஆட்டின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். கண் சுருங்குகிறதா, கன்னம் இறுகுகிறதா, காது பின்னால் மடிகிறதா, உதட்டின் கோடு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் கீதாரிகள் பலருக்கு இது பழக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேரும் பட்டதாரிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பல ஆய்வுகளில் ஆடு விழிப்பதே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மயக்கத்திலேயே அளவீடுகள் முடிந்து, மயக்கத்திலேயே தாயும் குட்டியும் கொல்லப்படுகின்றன. இதை எளிதாகக் கடந்துபோக என்னால் இயலவில்லை; தேவையே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. லிகின்ஸின் ஆடுகள் இல்லையென்றால் இன்று உயிரோடு இருக்கும் எத்தனையோ குறைமாதப் பிள்ளைகள் இல்லை. ஆகவே கேள்வி எத்தனை விலங்கு, எவ்வளவு கவனம், என்ன விடை என்பதாகிறது. 1959-ல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த கொள்கை இன்றும் அளவுகோலாக நிற்கிறது: மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணை, பாலூட்டியின் கருவை அதன் வளர்ச்சியின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதுகாக்கப்பட வேண்டிய உயிராகவே எண்ணுகிறது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆடு, பன்றி போன்ற பெரிய விலங்குகள் என்றால் நிறுவன அளவிலான குழுவைத் தாண்டி மத்தியக் குழுவரை போக வேண்டும்.

சட்டத்தோடு சேர்த்து இன்னொன்றையும் வற்புறுத்த வேண்டும். சினை விலங்குகளை வைத்து எழுதும் ஆய்வுக் கட்டுரையில், என்ன மருந்து, எவ்வளவு செறிவு, எத்தனை மணிநேரம், தாயின் ரத்த அழுத்தமும் வாயுக்களும் வெப்பமும் எப்படி இருந்தன என்ற முழுக் கணக்கும் இருந்தாக வேண்டும். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதுவது என்று 2010 முதலே வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. 'ஆடு முழு மயக்கத்தில் வைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்கும் கட்டுரையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட கட்டுரையால் பயனும் இல்லை; அதற்காக மாண்ட ஆட்டுக்கும் அநியாயம்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எலியிலும் ஆட்டிலும் கண்டதை வைத்துப் பயந்து, தேவையான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். குடல்வால் வெடித்தால் அது தாயையும் குழந்தையையும் உடனடியாகத் தாக்கும். அதற்கு முன்னால் மயக்க மருந்தைப் பற்றிய ஐயம் சிறியது. மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் அறுவையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்பதே மகப்பேறு மருத்துவர்களின் தெளிவான நிலைப்பாடு. அவசரமில்லாத அறுவையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மற்றபடி எத்தனை நேரம் ஆகும், முழு மயக்கம் வேண்டுமா, முதுகில் போடும் ஊசியே போதுமா என்று மயக்க மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்; கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.